கை வைப்பதற்கு முன்
ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் குழந்தைகளின் எலும்பும் தசையும் யார் பொறுப்பில் இருக்கின்றன?

ஓசூர்ப் பக்கம் ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதால், பால் குடிக்க மறுத்தால், தூக்கும்போதெல்லாம் வீறிட்டால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது 'உரம் விழுந்திருக்கும்', அதாவது தசை பிடித்திருக்கும் என்பதைத்தான். உரம் எடுக்கத் தெரிந்த பாட்டியை வரவழைப்பார்கள். குழந்தையைப் பழைய புடவையில் கிடத்தி, இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டால் சுளுக்கு வழிப்பவர் இருக்கிறார். கீழே விழுந்து கை ஒடிந்தால் புத்தூர் கட்டு என்று பலகை மாட்டிய கடை இருக்கிறது. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி, நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குப் போனால், முதுகெலும்பைச் 'சரிசெய்யும்' கைரோபிராக்டிக் நிலையங்கள் இருக்கின்றன. எலும்பு சொடுக்கும் ஒலியோடு கைப்பேசியில் ஓடும் காணொளிகள் அந்த நிலையங்களை மாநில எல்லைக்கு இப்பாலும் அறிமுகப்படுத்திவிட்டன.

குழந்தையின் உடலைக் கையால் சரிசெய்ய முன்வருவோருக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்கள் என்ன கற்றிருக்க வேண்டும், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விதான் கேட்கப்படாமல் கிடக்கிறது. உலகின் பல நாடுகளில் குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் கைரோபிராக்டர்களுக்கான மேற்பயிற்சி பற்றி நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. அந்த விவாதத்தின் படிப்பினைகளை இந்த எல்லைப் பகுதியின் குழந்தைகளுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அயோவாவில் பிறந்த கோட்பாடு

கைரோபிராக்டிக்கின் தொடக்க நாளாகச் சொல்லப்படுவது 1895 செப்டம்பர் 18. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர், காது கேளாமல் இருந்த ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகவும் கூறினார். முள்ளெலும்புகள் இடம் பிசகி நரம்புகளின் செயலைக் கெடுப்பதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவருடைய கோட்பாடு. பிரிட்டனில் இத்தொழிலை முறைப்படுத்தும் பொதுக் கைரோபிராக்டிக் மன்றமே 2010-இல், அந்தப் 'பிசகல்' கருத்து வரலாற்றில் வந்த ஒரு கோட்பாடு மட்டுமே, அது நோயை உண்டாக்குகிறது என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்தது.

கோட்பாடு ஆட்டம் கண்டாலும் தொழில் வளர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுநேரக் கைரோபிராக்டிக் கல்விக்குக் குறைந்தது 4,200 மணி நேரத்தை வரையறுத்தது. குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சியும் உருவானது. அமெரிக்காவில் லாரி வெப்ஸ்டர் 1986-இல் குழந்தைகளுக்கான பன்னாட்டுக் கைரோபிராக்டிக் சங்கத்தைத் தொடங்கினார். பட்டம் பெற்றவர்கள் வார இறுதி வகுப்புகளாகச் சில நூறு மணி நேரம் படித்துச் சான்றிதழ் பெறும் முறை பரவியது. 1965-இல் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் தொடங்கிய கல்லூரி ஒரு படி மேலே போய், குழந்தைகளின் எலும்பு, தசை நலத்தில் முதுநிலைப் பட்டமே வழங்கியது.

இத்தனை மணி நேரம், இத்தனை சான்றிதழ் என்று கேட்டதும் பெற்றோருக்கு நம்பிக்கை வருவது இயல்பு. ஆனால் பயிற்சியின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன், கற்பிக்கப்படும் சிகிச்சை குழந்தைக்கு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சான்றுகள் சொல்வது

காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் அழும் சிசுக்களுக்கு முதுகெலும்புச் சிகிச்சை உதவுமா என்று நார்வேயில் 86 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குக் கைரோபிராக்டர் சிகிச்சை தந்தார். மறு பிரிவுக் குழந்தைகளைச் செவிலியர் ஒருவர் பத்து நிமிடம் தூக்கி வைத்திருந்தார், அவ்வளவே. எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்று பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. முதல் பிரிவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 60 விழுக்காட்டினரும் தேறினர். புள்ளியியல் கணக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு ஆகாது. இந்த வகை அழுகை மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கக்கூடியது. உரம் எடுத்ததும் சரியாகிவிட்டது என்று நம் வீடுகளில் சொல்லப்படும் பல அனுபவங்களுக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. காலம் செய்த வேலை கையின் கணக்கில் எழுதப்படுகிறது.

தீங்கு பற்றிய ஆய்வு இன்னும் கூர்ந்து படிக்கத்தக்கது. குழந்தைகளின் முதுகெலும்பைக் கையால் அசைத்ததால் ஏற்பட்ட பாதிப்புகளை உலக மருத்துவ ஏடுகளிலிருந்து திரட்டிய வோராவும் அவர் குழுவினரும் 2007-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியிட்டனர். நேரடிப் பாதிப்பு 14 நிகழ்வுகள். அவற்றில் 9 கடுமையானவை: மூளையுறைக்கு அடியில் இரத்தக் கசிவும், இரு கால்களும் செயலிழந்ததும் அவற்றில் அடங்கும். இவற்றைத் தவிர 20 நிகழ்வுகளில் கை நேரடியாகக் காயம் எதையும் உண்டாக்கவில்லை. நீரிழிவு, நரம்பணுப் புற்று, மூளைக்காய்ச்சல் போன்ற நோய்கள் இருந்தும், முதுகெலும்புச் சிகிச்சையில் நாள் கடந்து, உரிய மருத்துவம் தாமதப்பட்டது. எண்ணிக்கை சிறியது, பதிவாகாதவை எத்தனை என்று தெரியாது. என்றாலும் ஆபத்து எந்தப் பக்கம் அதிகம் என்பதை இது காட்டுகிறது. கை செய்த தவறைவிட, நோயை அறியாத தவறு அதிகக் குழந்தைகளைப் பாதித்திருக்கிறது.

ஆஸ்திரேலியா இதைச் சட்டத்தின் பக்கமிருந்து எதிர்கொண்டது. பிறந்து இரண்டு வாரமே ஆன குழந்தைக்கு மெல்போர்னில் ஒரு கைரோபிராக்டர் சிகிச்சை தரும் காணொளி வெளியாகி மக்கள் கொதித்தபின், 2019 மார்ச்சில் அந்நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியம் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சையை நிறுத்தி வைத்தது. விக்டோரியா மாநிலம் நடத்திய ஆய்வில் கடுமையான தீங்குக்குச் சான்று அரிதாகவே கிடைத்தது. பயனுக்கான சான்றும் மிக வலுவற்றதாகவே இருந்தது. 2023 நவம்பரில் வாரியம் தடையைத் தளர்த்தியது. சுகாதார அமைச்சர்கள் எதிர்த்ததும் 2024 ஜூனில் தடை மீண்டும் வந்தது. பயன் நிறுவப்படாத இடத்தில் சிறு ஆபத்தைக்கூட ஒரு சிசுவின் மேல் ஏற்றக் கூடாது என்பதே அதன் சாரம். நான் இதோடு முழுமையாக உடன்படுகிறேன்.

சிசுவின் உடலமைப்பும் அதையே சொல்கிறது. தலை கனமானது, கழுத்துத் தசை வலுவற்றது, முள்ளெலும்புகளில் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் முறிவோ பிசகலோ தெரியாமலேயே குழந்தையின் தண்டுவடம் சேதமடையலாம் என்பதை 1982-இல் பாங், வில்பர்கர் என்ற இரு அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் விளக்கினர். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள பிணைப்பு தளர்ந்திருக்கும். பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. அந்தக் கழுத்தைச் சட்டென்று திருப்புவது பேராபத்து.

சட்டத்தில் ஒரு வெற்றிடம்

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ பதிவு மன்றமோ கிடையாது. வெளிநாட்டில் நான்கைந்து ஆண்டுகள் படித்து வந்தவரும், சில நாள் பட்டறைக்குப் போய்வந்தவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. பார்க்கும் பெற்றோருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

மற்ற துறைகளில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. பிசியோதெரபி உள்ளிட்ட தொழில்களுக்காக 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பிசியோதெரபியில் இளநிலைப் பட்டம் பெற்றபின் குழந்தைகள் பிரிவில் முதுநிலை படிக்கலாம். சித்த மருத்துவத்திலும் குழந்தை மருத்துவம் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பாகத் தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் கற்பிக்கப்படுகிறது. குழந்தையைத் தொடுவதற்குத் தனிப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. அந்தப் படிப்புக்கும் தெருவில் நடக்கும் சிகிச்சைக்கும் இடையே பாலம் இல்லாததே குறை.

அந்தக் குறையின் விலையை எலும்பு முறிவில் தெளிவாகக் காணலாம். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் கையூன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகச் சாதாரணம். அந்த இடத்தை ஒட்டியே கையின் முதன்மை இரத்தக் குழாய் போகிறது. வீக்கம் ஏறும் நேரத்தில் மூங்கில் பத்தையும் துணியும் வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபடும். சில மணி நேரத்தில் முன்கைத் தசைகள் மடிந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே விவரித்த ஊனம் இது. கட்டுக் கட்டியபின் விரல் நுனி வெளுக்கிறதா, நீலமாகிறதா, விரலை நீட்டும்போது வலி கூடுகிறதா என்று பார்க்கக் கற்றவர் எவராயினும் அந்தக் கையைக் காப்பாற்றலாம். இதைக் கற்க ஆண்டுக்கணக்கு வேண்டாம். கற்பிக்கத்தான் யாருமில்லை.

இந்த மண்ணின் எலும்புகள்

2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம் கிருஷ்ணகிரி. இரு மாவட்டங்களும் கருங்கல் பாறைப் படுகையில் அமைந்தவை. பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சேர்கிறது. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராமை உச்சமாகவும் வைத்திருக்கிறது. இந்த வரம்பைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடிக்கும் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை படிகிறது. அளவு மிகும்போது எலும்பும் மூட்டும் வலிக்கின்றன, முதுகு விறைக்கிறது. புளோரைடு மிகுந்த பகுதிகளில் பிள்ளைகளுக்கு முட்டிகள் உட்புறம் வளைந்து இடிப்பதை ஆந்திரத்தில் ஆய்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசுவாமியும் 1973-இல் 'லான்செட்' இதழில் பதிவு செய்தனர். இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் போடப்பட்டு, 2013-இல் காவிரி நீர் வரத் தொடங்கியது.

எனவே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிறுவன் முதுகு வலிக்கிறது என்றால், அவன் முதுகைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பது. அடுத்து, பல்லைப் பார்க்க வேண்டும். கால் வளைந்திருந்தால், வெயில் படாத வளர்ப்பாலும் சத்துக் குறைவாலும் வரும் ரிக்கெட்சையும் நினைக்க வேண்டும். அயோவாவிலோ போர்ன்மவுத்திலோ வகுக்கப்பட்ட பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வி முதலிடத்தில் இருக்காது. இங்கே அது முதலிடத்தில் இருந்தாக வேண்டும்.

முதுகெலும்புக் காசநோயும் அப்படியே. இரவில் வலியால் விழிக்கும், மாலையில் காய்ச்சல் காயும், எடை குறையும் குழந்தையின் முதுகில் சிறு கூன் தெரிந்தால், அங்கே முள்ளெலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். அதை அழுத்தினால் தண்டுவடம் நசுங்கும். அதே நோயாளி மாத்திரையில் குணமாகலாம். சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் தொடங்கிய ஆய்வுகள், பெரும்பாலான முதுகெலும்புக் காசநோயைப் பெரிய அறுவை இல்லாமல், நோயாளி நடமாடிக்கொண்டே மருந்தெடுத்துக் குணமாக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவை.

உறவுக்குள் திருமணம் வழக்கமாக இருக்கும் இப்பகுதியில், பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணு சேரும்போது வரும் நோய்களையும் எதிர்பார்க்க வேண்டும். கழுத்து நிற்காத, கைகால் துவண்ட குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருக்கும் மாதங்களில் முதுகுத்தண்டு நரம்பணுச் சிதைவு முற்றிவிடலாம். தூங்கி எழுந்ததும் அடுக்கடுக்காகத் தலை முன்னே குனிந்து கைகள் விரிந்தால் அது சிசு வலிப்பாக இருக்கலாம். வீட்டில் அதை வயிற்றுவலி என்றோ, பயந்துவிட்டது என்றோ, உரம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சி இழக்கும் வாரம்.

அயோவாவின் இன்னொரு கை

இத்தனையும் சொல்வதால் கை வைத்தியமே கூடாது என்று பொருளில்லை. பால்மரின் அதே அயோவா மாநிலத்தில், அயோவா பல்கலைக்கழகத்தில், ஸ்பெயினிலிருந்து வந்த இக்னேசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் 1940களின் இறுதியிலிருந்து வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்தார். வாரம் ஒருமுறை பாதத்தை மென்மையாக, ஒரு குறிப்பிட்ட வரிசைப்படி திருப்பி, தொடை வரை மாவுக்கட்டுப் போடுவது அவர் முறை. ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிறது. பெரும்பாலோருக்குக் குதிகால் நாணில் ஒரு சிறு வெட்டு தேவைப்படும். பிறகு மூன்று மாதம் நாள் முழுவதும், அதன்பின் நான்கு வயது வரை உறங்கும் நேரத்தில், இரு காலணிகளையும் பட்டையால் இணைத்த சாதனத்தை அணிவிக்க வேண்டும்.

பொன்செட்டி தன்னிடம் சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பத்தாண்டுகள் கடந்தும் அழைத்துப் பரிசோதித்தார். முடிவுகளை வெளியிட்டார். மற்றவர்கள் அதே முறையில் அதே பலனைக் கண்டனர். இன்று உலகெங்கும் வளைபாதத்துக்கு முதல் சிகிச்சை இதுதான். மலாவியிலும் உகாண்டாவிலும் பட்டம் பெற்ற அறுவை மருத்துவர்கள் போதாததால், எலும்பு மருத்துவ உதவியாளர்களுக்கு இதைக் கற்பித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். எந்தப் பாதத்துக்குக் கட்டு, எதற்கு மேல்சிகிச்சை என்று பிரித்தறியவும், மாவுக்கட்டுக்குப்பின் விரல்களைக் கவனிக்கவும், சாதனம் அணிவிப்பதைத் தாய்க்குப் புரியவைக்கவும் பயிற்சி தந்ததால்தான் அது முடிந்தது. பிறவிக் கழுத்துச் சாய்வும் இவ்வாறே: முதல் சில மாதங்களில் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தரும் நீட்டல் பயிற்சியைத் தாய் தினமும் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் அறுவை இல்லாமல் தேறுகின்றன.

பால்மர், பொன்செட்டி இருவரின் சிகிச்சையும் கையால் செய்யப்படுவதே. ஒன்று பெரும்பாலான நோய்களுக்கும் ஒரே காரணம் சொன்னது, மற்றொன்று ஒரே ஒரு குறைபாட்டை எடுத்துக்கொண்டு விளைவைப் பல்லாண்டு அளந்தது. குழந்தைகளுக்கான மேற்பயிற்சி எதுவாயினும் இரண்டாவது வழியில்தான் போக வேண்டும்.

ஓசூருக்கு ஒரு பாடத்திட்டம்

இதற்கான அடித்தளம் இங்கே ஓரளவு இருக்கிறது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பிறந்தது முதல் 18 வயது வரை கண்டறியும் தேசியக் குழந்தை நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளில் ஒருமுறையும் குழு சென்று பார்க்க வேண்டும். வளைபாதமும் இடுப்பு மூட்டு விலகலும் அதன் பட்டியலில் உண்டு. கண்டறியப்பட்டவர்கள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்பட வேண்டும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வீடு தேடி பிசியோதெரபியைக் கொண்டுசெல்லும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டதே இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

ஆனால் ஓசூரின் குழந்தைகள் பலர் இந்த வலையின் கண்களுக்கிடையே நழுவுகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பம் ஒற்றை அறையில் தங்குகிறது. குழந்தையின் பெயர் எந்த அங்கன்வாடியிலும் இல்லை என்றால் பரிசோதனைக் குழுவின் பார்வையில் அது படாது. வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றப் போனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அன்றைய கூலி போகும். மூன்றாம் கட்டு முடியும்போது வேலை மாறி அத்திப்பள்ளிக்கு அப்பால் குடிபோனால், சிகிச்சைப் பதிவு ஒரு மாநிலத்திலும் குழந்தை இன்னொரு மாநிலத்திலும் இருக்கும். அஞ்செட்டி, தளி மலைப்பக்கத்துக் குடும்பங்களுக்குத் தூரமே தடை. தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் இந்தியும் புழங்கும் இந்த ஊரில், சாதனத்தை ஏன் இரவெல்லாம் அணிவிக்க வேண்டும் என்பதைத் தாயின் மொழியில் சொல்லாவிட்டால் அது மூலையில் கிடக்கும், பாதம் மீண்டும் வளையும்.

ஆகவே இங்கே வேண்டிய மேற்பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டுகளிடமிருந்து தொடங்கலாம். மருத்துவக் கல்லூரியின் எலும்பு, குழந்தை நலத் துறைகளின் மேற்பார்வையில் வளைபாதம், கழுத்துச் சாய்வு, மூளை முடக்குவாதம் ஆகியவற்றில் நேரடிப் பயிற்சி அவர்களுக்குத் தரலாம். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் ஒரு நாள் வகுப்பு போதும்: கழுத்து எந்த மாதம் நிற்க வேண்டும், எந்த அழுகை ஆபத்தானது, எந்த வீக்கத்துக்கு உடனே அவசர ஊர்தி அழைக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கலாம். உரம் எடுக்கும் பாட்டியையும் கட்டுக் கட்டுபவரையும் விரட்டுவதால் பயனில்லை, அவர்களிடம்தான் குழந்தை முதலில் போகிறது. காய்ச்சலோடு வரும் குழந்தையை, மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவை, முழங்கை வீங்கிய பிள்ளையைத் தொடாமல் அனுப்பிவைக்க அவர்களைப் பழக்க வேண்டும், அப்படி அனுப்பினால் மருத்துவமனையில் அவர்களுக்கு மரியாதை கிடைக்க வேண்டும். கைரோபிராக்டர்களைப் பொறுத்தவரை, அரசு தகுதி வரையறுத்துப் பதிவேடு தொடங்கும் நாள் வரை, சிறு குழந்தைகளின் முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சைக்கு இந்தியாவிலும் தெளிவான தடை தேவை.

பெற்றோர் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தையைத் தொட வரும் எவரிடமும் இன்றே கேட்கலாம்: இது என்ன நோய் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இந்தச் சிகிச்சை இந்த வயதுக் குழந்தைக்குப் பலன் தரும் என்பதற்கு என்ன ஆதாரம்? சரியாகாவிட்டால் எத்தனை நாளில், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? நன்றாகப் பயின்றவர் இக்கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் சொல்ல முடியாதவரிடமிருந்து, அவர் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதே சரி.